தறிப் பஞ்சுக்கு நடுவே ஒரு பழைய கேமிங் பிசி: முப்பதாயிரத்துக்குள் செய்த அப்கிரேடு

2017-ல் அசெம்பிள் செய்த மெஷின். ரைசன் 5 1600 ப்ராசசர், பி350 போர்டு, ஒரே ஸ்டிக்கில் 8 ஜிபி மெமரி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய பவர் சப்ளை, 1 டிபி ஹார்ட் டிஸ்க். இருக்கும் இடம் சேலம் அம்மாப்பேட்டை, சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி. பட்ஜெட் முப்பதாயிரம், பழைய பாகங்களை விற்று வருவது தனிக்கணக்கு. போர்டு, கேபினெட், மானிட்டர் மூன்றையும் தொடுவதில்லை என்று முதலிலேயே முடிவு.

போர்டைத் தொடாததற்குக் காரணம் ஏஎம்4 சாக்கெட், அதாவது ப்ராசசர் உட்காரும் இடம். 2017 போர்டில் 2022-ல் வந்த ரைசன் 5 5600 உட்காரும், பயாஸ் (போர்டை எழுப்பும் மென்பொருள்) மட்டும் புதுசாக இருக்க வேண்டும். இதே வயசு இன்டெல் மெஷினில் இது நடக்காது: பி250 போர்டில் எட்டாம் தலைமுறை ப்ராசசரின் பின்கள் பொருந்தினாலும் ஓடாது.

காசு செலவழிக்கும் முன் சுத்தம். பக்கத்தில் தறி ஓடும் வீட்டில் ப்ளோயரை வெளியிலிருந்து அடித்தால் பிரயோஜனம் இல்லை. பஞ்சு தூசி மாதிரி பறக்காது. ஃபேனுக்கும் ஹீட்சிங்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) நடுவில் கம்பளித் துண்டு மாதிரி படிந்து இறுகியிருக்கும், காற்றடித்தால் இன்னும் உள்ளே போய் அடையும். ஃபேனின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் அந்தப் படலம் ஒரே துண்டாக உரிந்து வருகிறது. மிச்சத்துக்குப் பழைய டூத் பிரஷ் போதும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தாறுமாறாகச் சுற்றி பேரிங் கெடும்.

அடுத்தது எது மெஷினை இழுக்கிறது என்று பார்ப்பது. ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளில் ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டின் சிப்) பயன்பாடு, மெமரி, ப்ராசசரின் ஒவ்வொரு கோரின் சதவீதம் மூன்றையும் திரையில் வைத்து அரை மணி நேரம் ஆடினால் தெரிந்துவிடும். ஜிபியு 95-க்கு மேல் நின்றால் கார்டுதான் குறை. அறுபதில் தத்தளித்து, ஒரு கோர் மட்டும் நூறில் நின்றால் ப்ராசசர். சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் ஏறவில்லை என்றால் கார்டு மாற்றிப் பயனில்லை. இந்த மெஷினில் மூன்றும் குறை. 8 ஜிபி முழுக்க நிரம்பி, மீதி ஹார்ட் டிஸ்க்கில் போய் எழுதிக்கொண்டிருந்தது. திக்கித் திக்கி ஓடியதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

பலரும் கடைசியில் யோசிப்பதை நாங்கள் முதலில் மாற்றினோம்: பவர் சப்ளை. பழையதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தில் 20 ஆம்பியர் என்று இருந்தது. 12 பெருக்கல் 20, 240 வாட். 450 என்பது 3.3, 5 வோல்ட் எல்லாம் கூட்டிச் சொல்லும் கணக்கு. கார்டும் ப்ராசசரும் சாப்பிடுவது 12 வோல்ட்டிலிருந்துதான். வாங்க முடிவு செய்த ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட், 5600 ப்ராசசருக்கு 76 வரை, போர்டு, ஃபேன், டிஸ்க் சேர்த்து இன்னொரு 40. மொத்தம் 248, பழையது தரும் 240-ஐத் தாண்டுகிறது. விளையாட்டு சூடு பிடிக்கும் நேரத்தில் மெஷின் பட்டென்று அணையும், பழியைக் கார்டு மேல் போடுவார்கள். 550 வாட், 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (மின்திறன் தரச் சான்று), 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல் தரும் ஒன்றைப் புதிதாகவே வாங்குங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கக் கூடாத ஒரே பாகம் இது. டிஸ்க்குக்கான சாட்டா கனெக்டரிலிருந்து கார்டுக்கான 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டர் வேண்டவே வேண்டாம்: சாட்டா முனை 12 வோல்ட்டில் 54 வாட்தான் தாங்கும், 8 பின் 150 வரை இழுக்கும். நடுவில் உருகுவது ப்ளாஸ்டிக்.

பயாஸ் அப்டேட்டைப் பழைய ப்ராசசர் இருக்கும்போதே முடிக்க வேண்டும். புதுசை மாட்டிவிட்டுச் செய்யலாம் என்றால் திரையே வராது. போர்டில் அச்சடித்த ரிவிஷன் எண்ணைப் பார்த்து, கம்பெனியின் சிபியு பட்டியலில் 5600-க்கு எந்த வெர்ஷன் என்று உறுதி செய்து, ஃபேட்32 ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஏற்றினோம். சில போர்டுகளில் நேராகக் கடைசி வெர்ஷனுக்குத் தாவ முடியாது, நடுவில் ஒரு வெர்ஷனை ஏற்றியாக வேண்டும். அதே பக்கத்தில் எழுதியிருப்பார்கள். யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் கை வைக்காதீர்கள்.

கூலரைக் கழற்றுவதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். ஏஎம்4-ல் பின்கள் ப்ராசசரின் அடியில் இருக்கும். ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூடு கடத்தும் பேஸ்ட் காய்ந்து பசை மாதிரி பிடித்திருக்க, கூலரை நேராக மேலே இழுத்தால் லீவர் பூட்டியிருக்கும்போதே ப்ராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். பத்து நிமிஷம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூக்களைக் குறுக்கு வரிசையில் தளர்த்தி, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகுங்கள். பிடி விட்டதும் கைக்கே தெரியும், அப்புறம் தூக்கலாம். புது பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும்.

மாட்டி முதல் தடவை ஆன் செய்ததும் எஃப்டிபிஎம்மை (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) ரீசெட் செய்யவா என்று கேட்கும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் ரெக்கவரி கீயை எடுத்து வைக்காமல் சம்மதிக்காதீர்கள்.

மெமரி 8 ஜிபி இரண்டு, 3200 வேகம், செகண்ட் ஹேண்ட். 2025 கடைசியில் மெமரி விலை ஏறிய ஏற்றத்தில் புதுசுக்கு பட்ஜெட் இடம் தரவில்லை. ப்ராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். பயாஸில் எக்ஸ்எம்பியை (மெமரியை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யாவிட்டால் 2133 அல்லது 2400-ல்தான் ஓடும். இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 என்ற மெமரி சோதனை, ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுப்பது என்று பேசித்தான் வாங்கியது.

கார்டும் செகண்ட் ஹேண்ட்தான். விற்பவர் வீட்டிலேயே மாட்டி, ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் ஷேடர் (சிப்பில் கணக்குப் போடும் அலகுகள்) எண்ணிக்கையைப் பாருங்கள்: ஆர்எக்ஸ் 6600-க்கு 1792. ஆர்எக்ஸ் 580 பார்ப்பவர்கள் இன்னும் கவனம். 2304 இருக்க வேண்டும், 2048 காட்டினால் அது பேரில் மட்டும் 580. பதினைந்து நிமிஷம் ஃபர்மார்க் (கார்டை முழுச் சுமையில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்), இரண்டு ஃபேனும் சுற்றுகிறதா, திரையில் புள்ளி தெறிக்கிறதா. வீட்டுக்கு வந்ததும் பழைய என்விடியா டிரைவரை சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள் கொண்டு துடைத்த பிறகே புதுக் கார்டு.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் சப்போர்ட் முடிந்தது. 1600 ப்ராசசர் 11-க்கான பட்டியலில் இல்லை, 5600 இருக்கிறது. புது எஸ்எஸ்டியில் நேராக 11 போட்டோம். பழைய டிஸ்க்கையே க்ளோன் செய்பவர்கள் டிஸ்க்கின் பகுப்பு முறையைப் பழைய எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு மாற்றாமல், பயாஸில் பழைய பூட் முறைக்கான சிஎஸ்எம்மை அணைத்தால் பூட் ஆகாது.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுத்தது, எர்த் இல்லை. பவர் சப்ளையைக் குறை சொல்லி மாற்றியவர்கள் உண்டு. ப்ளக் பாயின்ட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் 230-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். இது எலக்ட்ரீஷியன் வேலை.

சூடு பற்றி ஒன்று. அறைச் சூடு ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும். ஏற்காட்டில் ஓடும் மெஷினின் ஸ்கிரீன்ஷாட்டைச் சித்திரை மாத அம்மாப்பேட்டையோடு ஒப்பிட்டுப் பேஸ்ட்டைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டாம். முன்னால் இரண்டு 120 எம்எம் ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள வைத்தோம். உள்ளே வருவது அதிகம் என்பதால் பஞ்சு இடுக்குகள் வழியாக நுழையாமல் முன்பக்க வலையிலேயே நிற்கிறது. தறி ஓடும் வாரங்களில் பத்து நாளைக்கு ஒரு தடவை அந்த வலையைக் கழற்றித் தட்டுகிறோம். தறிக்கு லீவு விட்டால் மாதம் ஒன்று.