ஃப்ளைட் டிக்கெட் இல்லாமல் ஷெங்கன் விசா, பாக்ஸ்டரில் ஆல்ப்ஸ்

இங்கிலாந்தில் வசித்துக்கொண்டு இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவர்கள் ஷெங்கன் விசா (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகள்) பகுதியைத் தாண்டி நேராகக் கார் பகுதிக்குப் போய்விடலாம், கொடுத்துவைத்தவர்கள். கார் போர்ஷ 718 பாக்ஸ்டர் என்ற தாழ்வான ஸ்போர்ட்ஸ் ரகம், வலப்பக்க ஸ்டீயரிங். போக்ஸ்டனில் காரோடு ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்க ரயில் ஏறி பிரான்ஸின் கலே, அங்கிருந்து ரீம்ஸ், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட், சுவிஸ் கணவாய்கள், இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய், டோலமைட்ஸ் மலைகள், ஆஸ்திரியாவின் குரோஸ்குளோக்னர் மலைச்சாலை, பிறகு ஜெர்மனி வழியாகத் திரும்புவது. மலைப்பாதையில் இருந்த சிரமத்தைவிட விசா மேசையில் இருந்த சிரமம்தான் பெரிது.

விசா மையத்தின் செக்லிஸ்ட் முழுவதும் விமானப் பயணியை மனதில் வைத்தே எழுதியிருக்கிறார்கள். கோப்பைப் புரட்டிய பெண்மணி முதலில் கேட்டது ரிட்டர்ன் ஃப்ளைட் டிக்கெட். காரில் போகிறோம் என்றதும், "அப்படியானால் இது முழுமையில்லாத விண்ணப்பம், டிக்கெட்டோடு வேறு தேதியில் வாருங்கள்" என்றார். கோடைக்கு முந்தைய மாதங்களில் வேறு தேதி கிடைப்பது அவ்வளவு எளிதா என்ன? இந்த இடத்தில் எழுந்து வந்துவிடாதீர்கள். அந்த மேசைக்கு விண்ணப்பத்தை வாங்கி அனுப்பும் வேலைதான், முடிவு எடுப்பது தூதரகம். குறைபாடு இருப்பதாக அவர்கள் நினைத்தால் அதைக் குறிப்பாக எழுதி, உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பலாம். "சொந்த வாகனத்தில் பயணம், ஆதாரம் இணைக்கப்பட்டுள்ளது" என்று எழுதச் சொல்லுங்கள். சூப்பர்வைசர் வந்து பார்த்த பிறகு அப்படித்தான் எழுதி வாங்கினார்கள்.

டிக்கெட்டுக்குப் பதிலாக வைக்க வேண்டிய ஆதாரங்கள்: சுரங்க ரயிலின் போகவர முன்பதிவு, கார் பதிவுச் சான்றான வி5சி நகல், எந்தெந்த நாடுகளில் எந்தத் தேதி வரை செல்லும் என்று இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய கடிதம், ஓட்டுநர் உரிமத்தின் நகல். இவற்றோடு ஒரு பக்க அட்டவணையும் வையுங்கள்: தேதி, கிளம்பும் ஊர், சேரும் ஊர், கிலோமீட்டர், தங்குமிடத்தின் முன்பதிவு எண். எல்லாவற்றையும்விட எடுபட்டது அந்த அட்டவணைதான்.

அடுத்த குழப்பம், எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது. "முதலில் நுழைவது பிரான்ஸ், அதனால் பிரான்ஸிடம் போங்கள்" என்று அதே மேசையில் சொன்னார்கள். அது தவறு. அதிக இரவுகள் எந்த நாட்டிலோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. எங்களுக்கு இத்தாலியில்தான் இரவுகள் அதிகம். அட்டவணையின் அடியில் நாடுவாரியாக இரவுகளைக் கூட்டிப் போட்டிருந்ததால் வாக்குவாதம் அதோடு நின்றது. ஓரிரவு வித்தியாசத்தில் விடாதீர்கள். பிறகு ஒரு ஹோட்டலை மாற்றினாலே கணக்கு புரண்டுவிடும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் என்று அச்சில் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் வதிவிட அட்டைகள் 2024 டிசம்பர் 31 தேதியோடு முடிந்து எல்லாம் ஈ-விசா ஆகிவிட்டது. ஆனாலும் "அட்டை எங்கே?" என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. ஈ-விசா பக்கத்தை அச்செடுத்து, ஷேர் கோடையும் (உங்கள் ஈ-விசாவை மற்றவர்கள் இணையத்தில் சரிபார்க்க உதவும் குறியீடு) சேர்த்து வையுங்கள். அந்தக் கோடு 90 நாள்தான் செல்லும் என்பதால் ரொம்ப முன்கூட்டியே எடுத்து வைப்பதில் பயனில்லை.

காரில் போகிறவர்கள் தங்கும் நாட்களைக் கொஞ்சம் கூட்டியே கேட்க வேண்டும். விசா ஒட்டியில் செல்லுபடிக் காலம் வேறு, தங்கக்கூடிய நாட்களின் எண்ணிக்கை வேறு. காலத்தில் சலுகை நாட்கள் தெரிந்தாலும் எண்ணிக்கையைத் தாண்ட முடியாது. வார இறுதியில் ஆல்ப்ஸ் கிராமம் ஒன்றில் டயர் கிழிந்தால் புது டயர் வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகலாம். கடைசியில் இரண்டு மூன்று இரவுகள் ரத்து செய்யக்கூடிய ஹோட்டலாகப் போட்டு, அதையும் பயணத் திட்டமாகவே காட்டுங்கள்.

கார் காகிதங்களில் ஆளைக் கவிழ்ப்பது வி5சி. அசல்தான் கையில் இருக்க வேண்டும். சமீபத்தில் வாங்கிய கார் என்றால் புது வி5சி தபாலில் வர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை கையில் இருக்கும் பச்சைத் துண்டை நம்பிக் கடல் தாண்டக் கூடாது. லீஸ் கார் என்றால் வி5சி கம்பெனியிடம் இருக்கும், அவர்களிடம் விஇ103 என்ற சான்று கேட்டு வாங்க வேண்டும். எம்ஓடி (பிரிட்டிஷ் வாகனத் தகுதிச் சோதனை) தேதி பயணத்துக்கு நடுவே விழுகிறதா என்றும் பாருங்கள். கார் எந்த நாட்டது என்று காட்டும் பழைய ஜிபி ஸ்டிக்கர் 2021 செப்டம்பர் 28 முதல் செல்லாது, இப்போது யூகே.

இன்சூரன்ஸில் "ஐரோப்பா கவர் உண்டு" என்று ஃபோனில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பல பாலிசிகளில் கண்டத்துக்குள் நுழைந்ததும் கவர் மூன்றாம் தரப்பு அளவுக்குச் சுருங்கிவிடும். முழுக் கவர் எத்தனை நாளுக்கு, எந்த ஓட்டுநருக்கு என்று மின்னஞ்சலில் வாங்குங்கள். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ரேஸ் பாதையில் ஓட்டும் ஆசை இருந்தால் பாலிசியின் விலக்குப் பகுதியைத் தேடிப் படியுங்கள். அதன் 20.8 கிலோமீட்டர் நோர்ட்ஷ்லைஃப சுற்று சட்டப்படி சுங்கச் சாலைதான், ஆனால் அதைப் பெயர் சொல்லியே விலக்கியிருப்பார்கள். வாடகை ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒப்பந்தத்திலேயே தடை இருக்கும்.

பிரேக்டவுன் கவர் எடுக்கும்போது தாழ்வான காரைப் பிளாட்பெட் லாரியில்தான் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவையுங்கள். பிரெஞ்சு மோட்டார்வேயில் கார் நின்றுவிட்டால் உங்கள் கம்பெனியை முதலில் அழைத்துப் பயனில்லை. ஆரஞ்சு நிற எஸ்ஓஎஸ் ஃபோனில் சொன்னால் அந்தச் சாலைக்கு உரிமம் பெற்ற வண்டி வந்து இழுத்துக்கொண்டு போகும். பணம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், கவர் கம்பெனியிடம் பிறகு கேட்டுப் பெறலாம்.

இனி காரின் தயாரிப்பு. பாக்ஸ்டரில் ஸ்டெப்னி கிடையாது, சீலன்ட் புட்டியும் கம்ப்ரஸரும்தான். பக்கவாட்டில் கிழிந்தால் சீலன்டால் ஒன்றும் ஆகாது. முன் டயர் 235, பின் டயர் 265 என்பதால் ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றிப் போடவும் வழியில்லை. பின் டயர்கள் பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் ஊரிலேயே மாற்றிவிட்டுக் கிளம்புவதுதான் லாபம், மலைக் கிராமத்தில் அந்த அளவை எந்தக் கடையிலும் இருப்பில் வைத்திருக்க மாட்டார்கள். லாக்கிங் வீல் நட்டின் சாவியும், இழுத்துச் செல்லும் திருகு கொக்கியும் டூல் பையில் இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கடைசியாக டயர் மாற்றிய கடையில் அந்தச் சாவியை மறந்து வைத்திருப்பது சகஜம்.

பிரேக் ஃப்ளூயிட் இரண்டு வருடத்துக்கு மேல் பழையது என்றால் மாற்றாமல் கிளம்பவே கூடாது. புது டாட் 4 ரக ஃப்ளூயிட் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் இழுத்தபின் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். ஸ்டெல்வியோவின் பிராட்டோ பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். அதில் இறங்கும்போது ஃப்ளூயிட் கொதித்தால் பெடல் ஸ்பாஞ்ச் போல் அமுங்கும், கார் நிற்காது. இரண்டாவது கியரில் இன்ஜினாலேயே பிடித்து இறங்குங்கள். பிரேக்கை விட்டு விட்டு அழுத்தமாகப் போடுங்கள், காலை வைத்துத் தேய்த்துக்கொண்டே வரக் கூடாது. சூடான பிரேக்கோடு நின்றபின் பெடலை மிதித்தபடியே இருந்தால் பேட் பொருள் டிஸ்கில் ஒட்டி, பிறகு ஸ்டீயரிங் நடுங்கும். டயர் காற்றைக் காலையில் ஓடுவதற்கு முன் மட்டும் பாருங்கள். 2,000 மீட்டர் உயரத்தில் கேஜ் காட்டும் அளவே ஏறக்குறைய 0.2 பார் கூடும், அதை நம்பி இறக்கிவிட்டால் கீழே வந்ததும் டயர் தளர்ந்திருக்கும்.

முன் பக்கம் 150 லிட்டர், பின் பக்கம் 125 லிட்டர், இதுதான் சாமான் இடம். உருளைச் சூட்கேஸ் வேண்டாம், துணிப் பைகள் போதும். எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி, இருக்கைக்குக் கீழே மின்னும் வெஸ்ட். வெஸ்டை டிக்கியில் வைத்தால் அபராதம் உண்டு, காரைவிட்டு இறங்குமுன் அதைப் போட்டிருக்க வேண்டும். கார் குடிக்கும் அதே ரக ஆயில் ஒரு லிட்டர். ஹெட்லைட்டை இடப்பக்கச் சாலையிலிருந்து வலப்பக்கத்துக்கு மெனுவில் மாற்ற முடியுமா என்று கையேட்டைப் பாருங்கள், இல்லையென்றால் ஸ்டிக்கர்.

சுரங்க ரயிலில் இரண்டடுக்குப் பெட்டி குறுகலானது. இருபக்கமும் உள்ள விளிம்பில் அகலமான அலாய் வீல் உரசும். செக்-இன் சாவடியிலேயே "தாழ்வான கார், ஒற்றை அடுக்குப் பெட்டி வேண்டும்" என்று கேளுங்கள். அங்கே மறந்தால் ஏற்றும் வரிசையில் நிற்பவர்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். பயணம் 35 நிமிடம். பிரெஞ்சு எல்லைச் சோதனை போக்ஸ்டனிலேயே முடிந்துவிடும், ஹோட்டல் முன்பதிவும் காப்பீடும் அச்சில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பிரெஞ்சுச் சுங்கச் சாவடியில் இயந்திரம் இடப்பக்கம். தனியாக வலப்பக்க ஸ்டீயரிங்கில் போகிறவர் அந்தத் தாழ்ந்த இருக்கையிலிருந்து எட்டவே முடியாது. கிளம்புமுன் சுங்கம் தானாகக் கழியும் டேக் ஒன்று வாங்கி ஒட்டிவிடுங்கள், அதைவிடச் செலவுக்குத் தகுந்த பொருள் இந்தப் பயணத்தில் குறைவு. இத்தாலியில் மஞ்சள் டெலிபாஸ் வரிசைக்குள் டேக் இல்லாமல் நுழையாதீர்கள். கார்டை இயந்திரம் ஏற்கவில்லை என்றால் பதறிப் பின்னால் எடுக்க வேண்டாம், உதவிப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும், 15 நாளுக்குள் கட்டினால் போதும்.

சுவிஸ் மோட்டார்வே வில்லை (விக்னெட், சாலைக் கட்டணம் கட்டியதற்கான அடையாளம்) 40 பிராங்க், ஆண்டு வில்லை மட்டும்தான், 2023 ஆகஸ்ட் முதல் இணையத்திலும் கிடைக்கிறது. தேடுபொறியில் முதலில் வரும் தளங்கள் பல இடைத்தரகர்கள், கூடுதலாகக் கறப்பார்கள். பதிவெண்ணில் ஓ எழுத்தும் பூஜ்யமும் மாறினால் வில்லை இருந்தும் இல்லாத கணக்கு, அபராதம் 200 பிராங்க். ஆஸ்திரியாவுக்குத் தனி வில்லை. பிரென்னர் மோட்டார்வேக்கும் குரோஸ்குளோக்னருக்கும் அதற்கு மேல் தனிக் கட்டணம். 36 வளைவுகள் உள்ள குரோஸ்குளோக்னருக்கு ஒரு நாள் டிக்கெட்டே 40 யூரோவைத் தாண்டும். ஸ்டுட்கார்ட்டில் போர்ஷ அருங்காட்சியகம் போகப் பச்சை நிறச் சுற்றுச்சூழல் ஸ்டிக்கர் வேண்டும், இல்லையேல் 100 யூரோ. அதில் கையால் எழுதிய பதிவெண் வெயிலில் மங்கினாலும் செல்லாது.

கணவாய்கள் திறக்கும் காலம்தான் பயணத் தேதியைத் தீர்மானிக்கும். சுவிஸின் ஃபுர்கா 2,429 மீட்டர், ஸ்டெல்வியோ 2,757 மீட்டர். ஜூன் நடுவுக்கு முன் இவற்றை நம்பி ஹோட்டல் போடாதீர்கள். சைக்கிள் நாள் என்று சில நாட்களில் பாதையையே மூடிவிடுவார்கள்: ஜூனில் டோலமைட்ஸின் செல்லா, பொர்தோய், கார்தேனா, காம்போலோங்கோ நான்கையும், கோடைக் கடைசியில் ஸ்டெல்வியோவையும். தேதியைப் பார்த்த பிறகு அறை. மலையில் ஒரு நாளுக்கு 250 கிலோமீட்டர் போதும், காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் வருமுன் பாதை உங்களுடையது. சுவிஸில் மஞ்சள் அஞ்சல் பஸ் எதிரே வந்தால் ஓட்டுநர் கைகாட்டுவதுதான் சட்டம், பின்னுக்கு எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும்.

வேக விஷயத்தில் சுவிஸிடம் விளையாட்டு வேண்டாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேக எல்லையில் 140 தொட்டால் அது அபராதமல்ல, கிரிமினல் வழக்கு, காரையே பறிமுதல் செய்யலாம். பிரான்ஸில் வேக எல்லையைவிட 40 கூடினால் உரிமத்தை அங்கேயே பிடுங்கிக்கொள்வார்கள். அங்கே மழையில் மோட்டார்வே வேக எல்லை 130 அல்ல, 110. ரேடார் டிடெக்டர் இரு நாட்டிலும் குற்றம். ஃபோன் செயலியில் கேமரா எச்சரிக்கையை எல்லையிலேயே அணைத்துவிடுங்கள்.

இத்தாலியப் பழைய நகரங்களில் இசட்டிஎல் (அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும் நுழையும் பகுதி) பலகை தெரிந்தால் திரும்புங்கள், கேமரா ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனி அபராதம் போடும். ஹோட்டல் உள்ளே இருந்தால், பதிவெண்ணை முன்கூட்டி அனுப்பி, நகராட்சியில் பதிந்துவிட்டோம் என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். வரவேற்பில் நிற்பவர் "பரவாயில்லை, வாருங்கள்" என்றால் போதாது. அபராதக் கடிதம் பல மாதம் கழித்துத்தான் வரும். அதனால் அந்த மின்னஞ்சலையும் சுங்க ரசீதுகளையும் ஒரு வருடமாவது அழிக்காதீர்கள். திரும்பும்போது கலேயில் பிரெஞ்சுச் சாவடியைத் தாண்டுமுன், நீங்கள் வெளியேறியது பதிவானதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த விசா விண்ணப்பத்தில் அதே மேசையில் முதலில் தேடப்போவது அதைத்தான்.