பன் இல்லாத பர்கர்: ஒரு சமையலறை நாட்குறிப்பு

மார்ச் 2, ஞாயிறு

இந்த வாரம் மதியச் சாப்பாட்டுக்குப் பர்கர்தான். மாவுச்சத்தைக் குறைக்கப் பன் மட்டும் இல்லை; அதற்குப் பதில் லெட்யூஸ் என்ற கீரையின் இலையில் மடித்துக்கொள்வோம். வீட்டில் இரண்டு பேர், ஐந்து வேலைநாள். ஆளுக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் என்று ஒன்றரைக் கிலோ மாட்டுக் கொத்துக்கறி வாங்கி வந்தேன். வெந்து, நீரும் கொழுப்பும் இறங்கியபின் ஒரு பேட்டீஸ், அதாவது பர்கருக்குத் தட்டும் கறி வட்டு, 110 கிராம் அளவில் நிற்கும். அதில் 25 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கும். ஒரு மதியத்துக்கு அது தாராளம்.

கொழுப்பு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. நூற்றுக்கு இருபது பங்கு கொழுப்பு இருக்க வேண்டும். கொழுப்பு நீக்கிய கறி அன்றைக்குச் சூடாகச் சாப்பிட நன்றாகவே இருக்கும். மறுநாள் சூடுபடுத்தினால் சக்கையாகிவிடும். வாரம் முழுவதற்கும் சேர்த்துச் சமைக்கிறவர் ஞாயிற்றுக்கிழமை நாக்குக்குச் சமைக்கக் கூடாது, புதன்கிழமை நாக்குக்குச் சமைக்க வேண்டும்.

ரொட்டித்தூள் சேர்க்கவில்லை, முட்டையும் சேர்க்கவில்லை. மாவுச்சத்து வேண்டாமென்று பன்னை விலக்கிவிட்டு, அதையே தூளாக்கிக் கறிக்குள் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கறியைப் பிணைக்க உப்பே போதும். உப்புப் பட்டதும் மயோசின் என்ற தசைப் புரதம் கரைந்து பிசுபிசுக்கும். அதுதான் கறித் துகள்களை ஒட்டவைக்கிறது. பன்னுக்குள் வைக்கும் பேட்டீஸுக்கு உப்பை வெளிப்புறம் மட்டும் தூவ வேண்டும் என்பார்கள். உள்ளே சேர்த்துப் பிசைந்தால் சாசேஜ் போல் இறுகிவிடும் என்பது காரணம். பன்னுக்கு அது சரி. உதிரியான கறியையும் பன் தாங்கிக்கொள்ளும், கீரை இலை தாங்காது. ஆகவே பாதி உப்பைக் கறியில் சேர்த்து விரல் நுனியால் லேசாகக் கலந்தேன், மீதிப் பாதியைக் கல்லில் போடுவதற்குச் சற்று முன் மேலே தூவினேன். மொத்தம் கிலோவுக்கு 10 கிராம். பன் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும்.

ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. சூடு ஏறும்போது ஓரத்தில் இருக்கும் கொலாஜன் என்ற புரத இழைகள் முதலில் சுருங்கி இறுக்கும். நடுப்பகுதி மேலே உப்பி வரும். குழி இருந்தால் வெந்து முடிக்கையில் தட்டையாக வந்து நிற்கும். இலையில் மடிக்கிறபோது உப்பிய பேட்டீஸ் நழுவும், தட்டையானது அடங்கும்.

மேற்பரப்பை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த வார்ப்பிரும்புக் கல்லில் போட்டேன். ஈரம் இருக்கும்வரை கறியின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பழுப்பு நிறமும் வறுபட்ட மணமும் 140 டிகிரியை ஒட்டித்தான் விறுவிறுவென உண்டாகும். தெர்மாமீட்டரைப் பக்கவாட்டில் நடுப்பகுதிவரை செருகிப் பார்த்தேன்: 71 டிகிரி. அதற்குக் குறைவாக எடுப்பதில்லை. முழுத் துண்டுக் கறியில் கிருமிகள் மேற்பரப்போடு நிற்கும். அரைக்கும்போது மேலிருப்பது உள்ளே போய்விடுகிறது. உள்ளே இளஞ்சிவப்பு போய்விட்டது என்பதை வைத்து முடிவு செய்யவும் கூடாது, சில கறி முழுதாக வேகுமுன்பே பழுப்பாகத் தெரியும்.

கம்பித்தட்டில் ஐந்து நிமிடம் வைத்து, அகலமான, ஆழமில்லாத டப்பாக்களில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தேன். குவித்து வைத்தால் நடுவில் இருப்பது வெகுநேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். திங்கள் முதல் புதன் வரைக்கானது ஃப்ரிட்ஜில், வியாழனுக்கும் வெள்ளிக்கும் உரியது ஃப்ரீசரில்.

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் டப்பா. பன் போனால் கூடவே என்னென்ன போகிறது என்று சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். மாவுச்சத்து போகிறது, அதற்காகத்தான் விலக்கினோம்: 50 கிராம் எடையுள்ள பன்னில் ஏறக்குறைய 25 கிராம் மாவுச்சத்து. ஆனால் அந்தப் பன் மூன்று வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. கைக்குப் பிடி கொடுத்தது. வடியும் சாற்றை வாங்கிக்கொண்டது. உப்பையும் புளிப்பையும் தணித்தது. பன்னை நீக்கிவிட்டு இந்த வேலைகளை வேறு எதனிடமும் ஒப்படைக்காமல் விட்டால் சாப்பாடு தண்டனையாகத்தான் தெரியும். பலர் ஒரு வாரத்தில் கைவிடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பிடி கொடுக்கும் வேலை ஐஸ்பெர்க் லெட்யூஸுக்கு. இலையை முழுதாக உரிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. தண்டுப்பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து மேடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் நடுத்தண்டு உள்ளுக்குள் தளர்ந்துவிடும்; திருகினால் கையோடு வரும். அந்தக் குழிக்குள் குழாய்த் தண்ணீரை விட்டால் இலைகளுக்கு நடுவே நீர் புகுந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கும். கிழியாத, கிண்ணம் போல் குழிந்த இலைகள் கிடைக்கும். ஒட்டிய நீரை முழுக்க உதறி, டிஷ்யூ பேப்பரை அடுக்குக்கு அடுக்கு வைத்து மூடினால் வாரம் தாங்கும். கத்தியால் வெட்டிய விளிம்புதான் முதலில் பழுக்கிறது என்பதால் வெட்டுவதே இல்லை.

மடிப்பது இப்படி: பட்டர் பேப்பரின் மேல் இரண்டு இலைகள், ஒன்றின் நரம்பு மற்றதன் நரம்புக்கு எதிர்த்திசையில். நடுவில் பேட்டீஸ். பக்கங்களை உள்ளே மடக்கி, தாளோடு சேர்த்து இறுக்கி உருட்டி, அடிப்பக்கத் தாளை மடித்துச் செருக வேண்டும். சாப்பிடச் சாப்பிடத் தாளைக் கீழே இறக்கிக்கொண்டே போகலாம். பிடி உண்மையில் தாளில்தான் இருக்கிறது, இலை மொறுமொறுப்புக்கு. அலுவலகத்தில் ஒரு சொட்டுக்கூடச் சட்டையில் விழவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

சாறு வடியும் பிரச்சினை. சூடாக இருக்கும்போதே பேட்டீஸின் இரண்டு பக்கமும் சீஸ் துண்டு வைத்து உருகவிட்டேன். சாறு சீஸைத் தாண்டி இலைக்கு வருவது வெகுவாகக் குறைந்தது. தக்காளியை வட்டமாக நறுக்கி, விதைப்பகுதியை விரலால் வழித்து எறிந்துவிட்டு வைத்தேன்.

கெட்சப்பை நிறுத்தியாகிவிட்டது. ஒரு மேசைக்கரண்டியில் நான்கைந்து கிராம் மாவுச்சத்து இருக்கிறது, பெரும்பாலும் சர்க்கரை. மயோனைஸில் கடுகு சாஸைக் கலந்து, வினிகரில் ஊறிய வெள்ளரியைப் பொடியாக அரிந்து போட்டேன். சாஸ் தனிச் சிமிழில். காலையிலேயே இலையில் தடவி வைத்தால் மதியத்துக்குள் இலை துவண்டுவிடும்.

மார்ச் 5, புதன்

இன்றைக்குள்ளதைச் சூடுபடுத்தும்போது ஒரு பழைய வாடை வந்தது. கெட்டுப்போன வாடை இல்லை. வெந்த கறியை ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி சூடாக்கினால் வருகிற, அட்டைப்பெட்டியை நினைவூட்டும் மந்தமான வாடை. மனைவிக்கு அது அறவே பிடிக்காது. முழுத் துண்டுக் கறியைவிடக் கொத்துக்கறியில் இது அதிகம், அதற்குக் காரணமும் இருக்கிறது. அரைக்கும்போது தசைச் செல்களின் சவ்வு சிதைந்து, அதிலுள்ள கொழுப்பு காற்றில் படுகிறது. வேகும்போது, கறிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்திலிருந்து இரும்பு விடுபடுகிறது. அந்த இரும்பு கொழுப்பின் ஆக்ஸிஜனேற்றத்தை வேகப்படுத்துகிறது. உப்பும் அதற்குத் துணைபோகும். ஓரிரு நாளிலேயே நாக்குக்குத் தெரிந்துவிடுகிறது.

காற்றை விலக்குவதுதான் முதல் மருந்து. டப்பாவில் வெறுமனே வைப்பதைவிட ஒவ்வொன்றையும் உறையில் இறுக்கிச் சுற்றி வைப்பது நல்லது. ரோஸ்மேரி இலையைப் பொடித்துக் கறியில் சேர்த்தால் ஆக்ஸிஜனேற்றம் தாமதமாகும். அதிலுள்ள சேர்மங்களுக்கு அந்தக் குணம் உண்டு.

சூடுபடுத்தும் முறை: மூடி போட்ட வாணலியில் ஒரு கரண்டித் தண்ணீர், சிறு தீ, உள்ளே 74 டிகிரி. மைக்ரோவேவ் என்றால் பாதித் திறனில், மூடி வைத்து. முழுத் திறனில் ஓரம் தோலாகிவிடும், நடு குளிர்ந்தே இருக்கும். சூடாக்காமல் சாப்பிடலாமே என்றால், மாட்டுக் கொழுப்பும் ஆட்டுக் கொழுப்பும் உடல் வெப்பத்தைவிடக் கூடுதல் சூட்டில்தான் நன்றாக உருகும். வாயில் மெழுகாக ஒட்டும்.

மார்ச் 6, வியாழன்

நேற்றிரவு ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றி வைத்தது காலையில் பதமாக இளகியிருந்தது. சூடாக்கிச் சாப்பிட்டேன். நேற்றைய வாடை இல்லவே இல்லை! நாலாம் நாள் பேட்டீஸ் மூன்றாம் நாள் பேட்டீஸைவிடப் புதிதாக இருக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் அந்த ஆக்ஸிஜனேற்றம் மிக மெதுவாகத்தான் நடக்கும். ஃப்ரீசர் என்றால் பழையது, ஃப்ரிட்ஜ் என்றால் புதியது என்ற எண்ணத்தை என் வீட்டில் இன்றோடு மாற்றிக்கொள்கிறோம். இனிமேல் திங்களுக்கும் செவ்வாய்க்கும் மட்டுமே ஃப்ரிட்ஜ். மற்றதெல்லாம் ஞாயிறு இரவே உறைய வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

பாதி மாட்டுக்கறி, பாதி கோழிக் கொத்துக்கறி. கோழியின் கொழுப்பு இளகிய தன்மையுடையது, குளிர்ந்தாலும் மெழுகாவதில்லை. சூடுபடுத்த வசதியில்லாத நாளுக்கு இது ஏற்றது. ஆனால் கோழி 74 டிகிரி வரை வேக வேண்டும், கொழுப்பும் குறைவு, ஆகவே வறண்டுவிடும். சுரைக்காய் இனத்தைச் சேர்ந்த சுக்கினியைத் துருவி, உப்புப் போட்டுப் பிழிந்து, கிலோவுக்கு ஒரு கைப்பிடி வீதம் கலந்தேன். நெஞ்சுக்கறியை விட்டுவிட்டுத் தொடைக்கறியை அரைக்கச் சொல்லி வாங்கியதும் பலன் தந்தது.

இலைக்கு மாற்று தேடும் வேலையும் இன்று. போர்டபெல்லோ காளான் தொப்பி: அடிப்புறச் செதில்களைக் கரண்டியால் சுரண்டிவிட்டு, 200 டிகிரி அடுப்பில் வெட்டுவாய் கீழே பார்க்க வைத்துச் சுட்டேன். நீரெல்லாம் இறங்கிக் கறிக்கு நிகரான கடி கிடைத்தது. வீட்டில் இரவு உணவுக்கு இதைவிட நல்லதொரு பன் இல்லை என்பேன். மதிய டப்பாவுக்கு ஆகாது, கசிந்துகொண்டே இருக்கும். சீஸை வட்டமாக உருக்கி மொறுமொறுப்பாக்கியது சுடச்சுட அருமை, டப்பாவில் நமத்துப்போகும். பெரிய கத்திரிக்காயை ஒன்றரை சென்டிமீட்டர் வட்டங்களாக நறுக்கி, உப்பிட்டு நீரை ஒற்றி, எண்ணெய் தடவிச் சுட்டது மட்டும் டப்பாவில் நின்றது. சாற்றை வாங்கிக்கொள்ளவும் செய்கிறது. பன்னின் இரண்டாம் வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

அக்கா போனில் பேசினார். இன்சுலின் போட்டுக்கொள்பவர். "நானும் நாளையிலிருந்து பன், ரொட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறேன், அந்தச் செய்முறையை அனுப்பு" என்றார். "அனுப்புகிறேன் அக்கா. ஆனால் டாக்டரிடம் பேசாமல் நிறுத்தாதீர்கள்" என்றேன். இன்சுலின் போடுபவர்களும் கிளிபென்கிளமைட், கிளிமெபிரைடு வகைச் சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களும் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால், மருந்தின் அளவு பழையபடியே இருக்க, ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடலாம். மருந்தின் அளவை மாற்றுவது மருத்துவர் வேலை. செய்முறையை அவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தபின் அனுப்புவதாக முடிவு செய்திருக்கிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மார்ச் 12, புதன்

கணக்குப் பார்த்தேன். லெட்யூஸ் 50 கிராமில் ஒன்றரை கிராம் மாவுச்சத்து. தக்காளி இரண்டு வட்டம், ஒன்றரை. வெங்காயம் 15 கிராமுக்கு அதே அளவு. சீஸும் சாஸும் சேர்ந்து ஏறத்தாழ ஒன்று. ஆக ஒரு பர்கர் 6 கிராமுக்குள் அடங்குகிறது. பன்னும் கெட்சப்பும் இருந்தால் 30 கிராமைத் தாண்டும்.

நார்ச்சத்துதான் குறைவு. அதற்கு முட்டைக்கோஸ். மெல்லிசாகச் சீவி, உப்பில் அரை மணி ஊறவைத்துப் பிழிந்து, வினிகரும் மயோனைஸும் போட்டுப் பிசறியது. சர்க்கரை வேண்டாம். உப்பையும் புளிப்பையும் தணிக்கும் வேலைக்கும் இதுவே சரியாக அமைந்தது. ஒரு கடி பர்கர், ஒரு வாய் கோஸ் என்று சாப்பிட்டால் கறியின் உப்பு உறைப்பதில்லை.

மார்ச் 16, ஞாயிறு

இன்று வேலை சுலபமாக முடிந்தது. அடுப்பு எரியும் நேரத்திலேயே இலை பிரிப்பதும் கோஸ் சீவுவதும் நடந்துவிடுகிறது. திங்கள், செவ்வாய்க்குரிய பேட்டீஸ் உறை சுற்றி ஃப்ரிட்ஜில். மீதியைத் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி உறையவைத்து, கல்லாக இறுகிய பிறகு நடுவில் பட்டர் பேப்பர் வைத்துப் பைகளில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடினேன். முதலில் தனித்தனியாக உறையவிட்டால், பிறகு வேண்டியதை மட்டும் எடுக்கலாம். இல்லாவிட்டால் மொத்தமும் ஒரே பாளமாகிவிடும். பையின் மேல் தேதியும் கறி வகையும் எழுதியிருக்கிறேன். இரண்டு மூன்று மாதத்துக்குச் சுவை குன்றாது. இந்த வீட்டில் அவ்வளவு நாள் விட்டுவைக்க மாட்டார்கள்.

புதன்கிழமைக்குக் கோழியும் கத்திரி வட்டமும் என்று மனைவி இப்போதே சொல்லிவிட்டார். கத்திரிக்காய் இரண்டு வாங்க வேண்டும்.