காலி வாடகை வீட்டுக்குச் சாமான் சேர்ப்பது

முதலில் அளவு டேப்பை எடுங்கள். அறையை எல்லாரும் அளப்பார்கள். வாசல் நிலையையும் மாடிப்படி திரும்பும் இடத்தையும் விட்டுவிடுவார்கள். பீரோ மாட்டிக்கொள்வது அங்கேதான்.

பணத்தில் பெரும்பங்கு மெத்தைக்கு. அதை மட்டும் புதிதாக வாங்குங்கள். கட்டில் அப்புறம் வரட்டும், ஆனால் அதுவரை காலையில் எழுந்ததும் மெத்தையைச் சுவரில் சாய்த்து வையுங்கள். வெறுந்தரையில் கிடந்தால் வியர்வை ஈரம் அடியில் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் பழையதே போதும். மரத்தூள் பலகை என்றால் கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள். தண்ணீர் பட்ட இடம் உப்பியிருக்கும். காய்ந்தாலும் பழையபடி ஆகாது. இன்னொரு தொல்லை, ஒருமுறை கழற்றிப் பூட்டினாலே திருகு ஓட்டை தளர்ந்துவிடும். மருந்து கிள்ளிய தீக்குச்சி இரண்டு மூன்றை மரப்பசையில் தோய்த்து ஓட்டையில் இறுக்கிச் செருகுங்கள். ஒரு நாள் காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கிவிட்டு அதே திருகை முடுக்கினால் பிடித்துக்கொள்ளும்.

பழைய கட்டிலானால் மூட்டு இடுக்குகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். மை தெறித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. சும்மா கொடுத்தாலும் வேண்டாம். துணி சோபா இன்னும் ஆபத்து, உள்ளே பார்க்கவே முடியாது.

திரைச்சீலைக்குச் சுவரில் துளை போடாதீர்கள். ஜன்னல் நிலைக்குள் இறுகி நிற்கும் ஸ்பிரிங் கம்பி போதும். கனத்த துணி மட்டும் வேண்டாம், கம்பி சரியும்.