நெஞ்சில் ஏறிய இரைப்பை

ஜூன் 10

சாப்பிட்டு முடித்தாலே அப்பாவுக்கு மூச்சு வாங்கும். கேஸ் டிரபிள் என்று மாத்திரை ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்தது. முதலில் பார்த்தவர் எக்ஸ்ரேயை வைத்து, இடது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது, டியூப் போட்டு எடுத்துவிடலாம் என்றார். நல்லவேளை, இன்னொருவர் சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். உள்ளே இருப்பது நீரே இல்லை, இரைப்பையும் பெருங்குடலில் ஒரு பகுதியும். டியூப் குத்தியிருந்தால் இரைப்பையே ஓட்டையாகியிருக்கும்.

ஜூன் 12

காரணம் பழைய பைக் விபத்தாம். அப்போது முறிந்த விலா எலும்பு கூடிவிட்டது, நாங்களும் மறந்துவிட்டோம். ஆனால் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரையான உதரவிதானம் அன்றைக்கே கிழிந்திருக்கிறது. வலது பக்கம் என்றால் கல்லீரல் ஓரளவு அடைத்துக்கொள்ளும், இடது பக்கம் அந்தக் காவல் இல்லை. வயிற்றைவிட நெஞ்சுக்குள் அழுத்தம் குறைவு என்பதால் இரைப்பையும் குடலும் ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுபட்டிருக்கின்றன.

இரவு இதைத் தேடிப் படித்தது வினையாகப் போயிற்று. அம்புரோஸ் பாரே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1579இலேயே எழுதியிருக்கிறார்: குண்டடி பட்டுப் பிழைத்த ஒரு படைத்தலைவர், எட்டு மாதம் கழித்து, விரல் நுனி மட்டுமே நுழையக்கூடிய உதரவிதான ஓட்டையில் குடல் சிக்கி இறந்துபோனாராம். அப்புறம் எங்கே தூங்க.

ஜூன் 17

ஆபரேஷன் முடிந்தது. சித்தப்பா காலையிலிருந்து “லேப்ராஸ்கோப்பிதானே, நாலு ஓட்டை, நாளைக்கே வீட்டுக்கு வந்துடலாம்” என்று எல்லாருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். ஓட்டைதான் சின்னது, வேலை சின்னதில்லை. கேமரா நுழைக்க வயிற்றில் கார்பன் டை ஆக்சைடு நிரப்புவார்கள் இல்லையா, இங்கே அது கிழிசல் வழியாக நெஞ்சுக்கும் ஏறி நுரையீரலையும் இதயத்தையும் அமுக்கும், அதனால் அழுத்தத்தைக் குறைத்தே வைத்து, மயக்க மருந்து டாக்டர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையும் வருஷக்கணக்கில் மேலே இருந்து நுரையீரலோடு ஒட்டிப்போயிருந்ததாம், அதைப் பிரிக்கத்தான் நேரம் பிடித்தது. பிரிக்க வராவிட்டால் திறந்து செய்வோம் என்று முன்பே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அது தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் கீழே இறக்கி, கரையாத நூலால் தைத்து, மேலே மெஷ் என்ற வலையை வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 18

“வயித்துல வெட்டிட்டு தோள் ஏன்டா வலிக்குது?” உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது, தோளின் உணர்வும் அங்கிருந்துதான், அதனால் வலி இடம் மாறித் தெரியும் என்றார் நர்ஸ். அப்பாவுக்கு நம்பிக்கையில்லை.

மூன்று பந்து உள்ள மூச்சுப்பயிற்சிக் கருவி கொடுத்தார்கள். முதல் பந்து ஏறுகிறது, இரண்டாவது நடுங்கிவிட்டு விழுகிறது. மூன்றாவதை அவர் கண்டுகொள்வதே இல்லை.

ஜூன் 22

ஆபரேஷனின்போது நெஞ்சில் வைத்த டியூபை எடுத்தாயிற்று. கஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை. கனம் தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டியவர், டாக்டர் கிளம்பும்போது பைக் எப்போது ஓட்டலாம் என்று கேட்டார். அம்மா பார்த்த பார்வையில் டாக்டரே “அடுத்த எக்ஸ்ரேக்கு அப்புறம் பேசலாம்” என்று நழுவிவிட்டார்.