வாராக் கடன் ஆய்வேடும் வங்கித் தரவுக்கான அலைச்சலும்

நிதிப் பொருளியல், வங்கியியல் முதுநிலைப் படிப்பில் இடம் கிடைப்பதிலோ முதல் மூன்று பருவங்களைக் கடப்பதிலோ எனக்குப் பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை. நான்காம் பருவத்து ஆய்வேடுதான் என்னை அலைக்கழித்தது.

ஒரு மாவட்டக் கூட்டுறவு வங்கியின் பயிர்க் கடன் நிலுவைகளை ஆராய்வதாகத் தலைப்பைப் பதிவு செய்திருந்தேன். தரவு தருவதாக அதன் மேலாளர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருந்தார். துறைத் தலைவரின் கடிதத்தோடு சென்றால் கல்லூரி முதல்வரின் கையொப்பம் வேண்டும் என்றார்கள். அதையும் வாங்கிச் சென்றபோது, கடிதத்தில் 'எம்.ஏ. பொருளியல்' என்றும் அடையாள அட்டையில் படிப்பின் முழுப் பெயரும் இருக்கிறதென்று சொல்லி, தபால் பிரிவு எழுத்தர் உறையைப் பிரித்த கையோடு திருப்பித் தந்தார். திருத்திய கடிதத்துக்கு வரவு எண் கிடைத்ததே தவிர, பதில் வரவில்லை. அதற்குள் மேலாளர் மாற்றலாகிவிட்டார். வாடிக்கையாளர் விவரங்களை வெளியாருக்குத் தர இயலாது என்று புதியவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். பெயர்கள் வேண்டாம், ஆண்டுவாரி மொத்தத் தொகை போதும் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. பருவத்தின் பாதி இப்படிப் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. எழுத்துமூல அனுமதி கைக்கு வராமல் எந்த வங்கியின் உள்தரவையும் நம்பித் தலைப்பைப் பதிவு செய்யாதீர்கள்.

வழிகாட்டிப் பேராசிரியரின் யோசனைப்படி பொதுத்துறை வங்கிகளின் வாராக் கடனுக்குத் தலைப்பை மாற்றினேன். ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவர அட்டவணைகளில் வங்கிவாரியான தொகைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கடிதமும் முத்திரையும் தேவையில்லை. ஆனால் அங்கே வேறொரு தொல்லை காத்திருந்தது. 2017 ஏப்ரலில் ஸ்டேட் வங்கியோடு அதன் 5 துணை வங்கிகளும் பாரதிய மகிளா வங்கியும், 2019 ஏப்ரலில் பரோடா வங்கியோடு விஜயா, தேனா வங்கிகளும், 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு அலகாபாத் வங்கியும் இணைந்துவிட்டதால், வங்கிவாரியான ஆண்டு வரிசைகள் நடுவிலேயே அறுந்துபோகின்றன. 2020-இல் நடந்த மற்ற இணைப்புகளும் இப்படியே. இன்றுள்ள 12 வங்கிகளை அடிப்படையாக வைத்து, இணைந்த வங்கிகளின் பழைய கணக்குகளை அவற்றோடு பின்னோக்கிக் கூட்டினேன். அப்படிக் கூட்டும்போது, மொத்தக் கடனில் வாராக் கடன் எவ்வளவு என்று காட்டும் விகிதங்களைச் சராசரி எடுக்கக் கூடாது. மொத்த வாராக் கடன் தொகைகளைத் தனியாகவும் மொத்தக் கடன் தொகைகளைத் தனியாகவும் கூட்டி, பிறகே வகுக்க வேண்டும். இல்லையெனில் சிறிய வங்கியின் விகிதத்துக்கும் பெரிய வங்கியின் விகிதத்துக்கும் ஒரே எடை கிடைத்துவிடும். 2012 மார்ச் முதல் 2022 மார்ச் வரை 132 பதிவுகள் சேர்ந்தன.

2015-16-இல் விகிதம் திடீரென ஏறியிருப்பதைக் கண்டு, அந்த ஆண்டு மட்டும் கடன்கள் கெட்டுப்போயின என்று எழுதிவிடாதீர்கள். வங்கிகளின் கடன் கணக்குகளின் உண்மை நிலையைச் சோதிக்க 2015-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய சொத்துத் தர மறுஆய்வினால், அதுவரை மறுசீரமைப்பு (கடன் நிபந்தனைகளை மாற்றியமைத்தல்) என்ற பெயரில் நல்ல கணக்காகக் காட்டப்பட்டவை வெளியே வந்தன. ஒவ்வொரு வங்கிக்கும் உரிய மாறாத தன்மைகளை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடும் நிலைவிளைவு மாதிரியில் (fixed effects), ஒவ்வோர் ஆண்டையும் 0, 1 என்று குறிக்கும் போலி மாறிகளைச் சேர்த்த பிறகே என் மற்ற குணகங்கள் (ஒவ்வொரு காரணியின் தாக்கத்தைக் காட்டும் எண்கள்) பொருளுள்ளவையாக மாறின. கணக்கீட்டுக்கு 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருளே போதுமானது.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே இணைப்புகளைப் பற்றியதுதான். எந்த வங்கி எந்தத் தேதியில் எதனோடு சேர்ந்தது என்ற அட்டவணையைக் காட்டினேன். தொகைகளைக் கூட்டிய முறையைப் படித்துப் பார்த்து, அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிட்டார். அந்த அட்டவணையைப் பின்னிணைப்பின் கடைசியில் புதைக்காமல், தரவு பற்றிய அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே வையுங்கள்.