பிடியை விட்ட பிறகு: முன்கை ரத்த ஓட்டக் குறிப்புகள்

ஜூன் 3
கருவிகளைப் பொருத்தியாயிற்று. மேல்கையில் ஒரு கஃப் (காற்றேற்றி இறுக்கும் பட்டை), மணிக்கட்டில் ஒன்று, முன்கை பருத்திருக்கும் இடத்தில் ஸ்ட்ரெயின் கேஜ் (கை உப்புவதை அளக்கும் கருவி). பழைய முறைதான், ஆனால் நம்பலாம். மணிக்கட்டுக் கஃப்பை 200 மி.மீ. பாதரசத்துக்கு மேல் ஏற்றி, ஒரு நிமிடம் விட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளங்கைத் தோலுக்கு ஓடும் ரத்தமும் கணக்கில் கலந்துவிடும். மேல்கைக் கஃப் 40 முதல் 50 வரை போதும். சிரை அடைபடும், தமனி திறந்தே இருக்கும். அப்போது முன்கை உப்பும் வேகம்தான் ரத்தம் உள்ளே வரும் வேகம். கை இதயத்தைவிடத் தாழ்ந்து கிடந்தால் சிரைகள் முன்பே நிரம்பிவிடும், உப்பலைக் காட்டும் வரைகோடு ஏறாது. ஓய்வில் 100 மி.லி. திசுவுக்கு நிமிடத்துக்கு 2 முதல் 4 மி.லி. வரும்.

ஜூன் 5
கையால் இறுக்கிப் பிடிக்கும் அதிகபட்ச விசையில் 30 சதவீதம். 1 நொடி இறுக்கம், 2 நொடி தளர்வு. டாப்ளர் (ஒலியலையால் ரத்த வேகத்தை அளக்கும் கருவி) திரையில் பார்க்க வேண்டியது இதைத்தான்: இறுக்கும்போது அலை குன்றுகிறது, சில சமயம் பின்னோக்கியும் திரும்புகிறது. விட்டதும் குபுக்கென்று எழுகிறது. உழைக்கும் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் கிடைக்கிறது. விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் இடைவெளியே இல்லை. சுமை பாதியைத் தாண்டிவிட்டால் ஓட்டம் ஏறக்குறைய நின்றுபோகும், கை சீக்கிரம் சோர்ந்துவிடும்.

முதல் இறுக்கம் முடிந்ததுமே ஓட்டம் கூடிவிடுகிறது. பொட்டாசியம், அடினோசின், நைட்ரிக் ஆக்சைடு எல்லாமே ரத்தக் குழாய்களைத் தளர்த்துகின்றன. ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. அதனால் ‘காரணம் இதுதான்’ என்று ஒரே பொருளின் பெயரை எழுதும் விடைத்தாளை ஏற்க முடியாது.

ஜூன் 6
தமனி விட்டம் 4 மி.மீ. இருக்கும் இடத்தில் 4.2 என்று குறித்தால் கணக்கிடும் ஓட்டம் 10 சதவீதம் கூடிவிடும், ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்குவதால். டாப்ளர் கதிருக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணம் 60 பாகையைத் தாண்டவே கூடாது.

ஜூன் 9
நிறுத்திய பிறகுதான் விஷயமே. கை சும்மா இருக்கிறது, ரத்தம் இன்னும் வேகமாக வந்துகொண்டிருக்கிறது. தசை உடனடி ஆற்றலுக்குச் செலவழித்த கிரியேட்டின் பாஸ்பேட்டை மீட்க ஆக்சிஜன் வேண்டும். பாதி மீள ஏறத்தாழ அரை நிமிடம், முழுதும் மீள 3 முதல் 5 நிமிடம்; தசையில் அமிலத்தன்மை ஏறியிருந்தால் இன்னும் தாமதம். பிடியை விடும் கணத்திலேயே மேல்கைக் கஃப்பை இறுக்கித் தமனியை அடைத்துவிட்டால் மீட்சி அப்படியே நின்றுவிடும். தசைக்கு ஓய்வு மட்டும் போதாது, ரத்தமும் வந்தாக வேண்டும்.

லாக்டேட்டை (கடும் உழைப்பில் தசையில் உருவாகும் பொருள்) அளக்க விரலில் குத்தும்போது வியர்வையைத் துடைக்காமல் விட்டால் அளவு பொய்யாக ஏறும், வியர்வையிலும் லாக்டேட் உண்டு. ஸ்பிரிட்டால் துடைத்து, உலரவிட்டு, முதல் துளியை ஒற்றி எடுத்துவிட்டு இரண்டாவதை எடுக்கவும். கடுமையாக ஓடி முடித்த பின் லாக்டேட்டின் உச்சம் தெரிவது சில நிமிடம் கழித்துத்தான். இதயமும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாக எரிக்கின்றன. மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும். மறுநாள் வலிக்கு அதன்மேல் பழி போடுவது தவறு, அதற்குள் அது எப்போதோ தீர்ந்திருக்கும்.

ஜூன் 10
ஒற்றைக் காலின் முன்தொடைத் தசையை மட்டும் இயக்கி 1985இல் ஆண்டர்சனும் சால்டினும் அளந்தது ஒரு கிலோ தசைக்கு நிமிடத்துக்குச் சுமார் 2.5 லிட்டர் ரத்தம். உடலின் 30 கிலோ தசையும் அப்படிக் கேட்டால் 75 லிட்டர் வேண்டும். பயிற்சி இல்லாதவரின் இதயம் தருவது 20 லிட்டர் அளவே. அதனால் பரிவு நரம்புகள் (தானாக இயங்கி ரத்தக் குழாய்களைச் சுருக்கும் நரம்புகள்) குழாய்களை ஓரளவு இறுக்கியே வைக்கின்றன. டிரெட்மில்லில் சட்டென்று நின்றால் கெண்டைக்கால் தசை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும் பம்பும் நின்றுவிடும். விரிந்த குழாய்கள் வழியே ரத்தம் காலில் தேங்கி, தலை சுற்றும். வேகத்தைக் குறைத்து 3 முதல் 5 நிமிடம் நடக்கவிட்டு, பிறகே பெல்ட்டை நிறுத்தவும்.