மலையில் டிஜிட்டல் கல்வி அறக்கட்டளை: பத்திரம், பணம், பாடம், கம்பம்

அறக்கட்டளைப் பத்திரத்தில் ‘நோக்கங்கள்’ என்ற பகுதியை எப்படி எழுதுகிறோமோ, பின்னால் வரும் சிக்கல்களில் பாதி அதிலேயே இருக்கிறது. நீலகிரியில் தோட்டத் தொழிலாளர்களுக்கும் சிறு தேயிலை விவசாயிகளுக்கும் பழங்குடி மக்களுக்கும் இணையம் சொல்லித்தர ஓர் அமைப்பைத் தொடங்கி, அதையே முழுநேர வேலையாக நடத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் வேலை செய்து எங்களுக்குக் கைவந்த வரிசை இது.

அமைப்புக்கு மூன்று வடிவங்கள் உண்டு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் சங்கம் என்றால் குறைந்தது 7 பேர் வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, நிர்வாகிகள் பட்டியலையும் கணக்கையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். 2013 கம்பெனிச் சட்டத்தின் பிரிவு 8 கம்பெனிக்கு இரண்டு இயக்குநர்கள் போதும். பெரிய நிறுவனங்களின் கண்ணுக்கு அதுதான் லட்சணமாகத் தெரியும். ஆனால் ஆண்டு அறிக்கை தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். சின்னக் குழுவுக்கு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியும் அறக்கட்டளைதான் செலவு குறைவு. உறுப்பினர் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஓட்டு வேண்டும் என்கிற குழுவாக இருந்தால் சங்கமே சரி. பிறகு மனக்கசப்பு வராது.

பதிவுக்கு முத்திரைத்தாளில் பத்திரம், எல்லா அறங்காவலர்களின் ஆதார், பான், புகைப்படம், இரண்டு சாட்சிகள், அலுவலக முகவரிக்குச் சான்று ஆகியவை தேவை. மலையில் இடிக்கிற இடம் கடைசியாகச் சொன்னதுதான். வீட்டு வரி ரசீதோ மின் கட்டண ரசீதோ, அதோடு உரிமையாளரின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான எஸ்டேட் லைன் வீட்டில் குடியிருப்பவர் அந்தக் கடிதத்தைத் தர முடியாது. கூடலூர், பந்தலூரில் 1969 ஜன்மம் நிலச் சட்டத்தின் பிரிவு 17-க்குள் சிக்கி உரிமை தீராமல் கிடக்கும் நிலங்களுக்குப் பட்டா இல்லை. அங்கே பல வீடுகளுக்கு மின் இணைப்பே நெடுங்காலம் கிடைக்கவில்லை. வேலை எந்தக் குக்கிராமத்தில் நடந்தாலும் பதிவு முகவரியை மட்டும் டவுனில், வரி கட்டுகிற கட்டடத்தில் வையுங்கள். வங்கி, பான், வருமான வரி என்று எல்லா இடத்திலும் இதே முகவரிதான் திரும்பத் திரும்பப் போகும்.

இனி நோக்கங்கள். வருமான வரிச் சட்டம் ‘கல்வி’யை ஒரு தனி அறப்பணியாகவும், ‘பொதுமக்கள் நலன்’ என்பதை வேறொன்றாகவும் பார்க்கிறது. இரண்டாவதில் விழுந்தால், கட்டணம் வாங்கிச் செய்யும் வேலையின் வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ‘கிராமங்களுக்கு இணைய வசதி வழங்குதல்’ என்று பெருமையாக முதல் வரியில் எழுதினால் நீங்களாகவே அந்தக் கூண்டுக்குள் போய் உட்காருகிறீர்கள். கல்வி என்றால் முறையான கற்பித்தல் என்று உச்ச நீதிமன்றம் 1975-இல் லோக சிக்ஷண டிரஸ்ட் வழக்கில் சொன்னதை அதிகாரிகள் இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். அதனால் ‘விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’ போதாது. ‘பாடத்திட்டம், வகுப்பு நேரம், மதிப்பீடு ஆகியவற்றோடு டிஜிட்டல் கல்வி அளித்தல்’ என்று எழுதி, வருகைப் பதிவேட்டையும் பாடத்திட்டத்தையும் முதல் வகுப்பிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். இணைய இணைப்பைக் கல்விக்குத் துணையான வசதியாகக் கீழே போடுங்கள்.

அதே பத்திரத்தில் இன்னும் மூன்று விஷயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். அறக்கட்டளை திரும்பப் பெற முடியாதது என்ற வாசகம் ஒன்று. கலைக்கப்பட்டால் சொத்து இதே நோக்கமுள்ள வேறோர் அறக்கட்டளைக்குப் போகும் என்பது இரண்டாவது. மூன்றாவதைப் பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்: முழுநேரம் வேலை செய்யும் அறங்காவலருக்கு நியாயமான சம்பளம் தரலாம் என்ற பிரிவு. சட்டம் நியாயமான சம்பளத்தைத் தடுக்கவில்லை. அளவுக்கு மீறி எடுத்தால்தான் வரிவிலக்குக்கு ஆபத்து. இந்தப் பிரிவு இல்லாமல் இதை யாரும் பிழைப்பாக நடத்த முடியாது. சேவைக்குச் சம்பளமா என்று ஊரில் கேட்பார்கள். கேட்கட்டும்.

பான், வங்கிக் கணக்கு, பிறகு வருமான வரிப் பதிவு. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறாகின்றன. இங்கே சொல்பவை ஆடிட்டர்கள் வாயில் பழகிப்போன பழைய எண்கள். முதலில் 10ஏ படிவத்தில் 12ஏபி (அமைப்பின் வரவுக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) இரண்டுக்கும் தற்காலிகப் பதிவு. அது 3 ஆண்டுகளுக்கு. அதை முறையான பதிவாக மாற்ற 10ஏபி படிவம். அதற்குரிய கெடுவில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்: தற்காலிகப் பதிவு முடிய 6 மாதம் இருக்கும்போது, அல்லது வேலை தொடங்கி 6 மாதத்துக்குள், எது முந்தியோ அது. மூன்று ஆண்டு இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடக் கூடாது. முதல் வகுப்பு நடந்ததுமே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

பணம் வந்த பிறகு மலைக்கே உரிய தொல்லை ரொக்கம். ஜீப் வாடகை, சாப்பாடு, கம்பம் நடும் கூலி எல்லாமே கையில் கொடுத்துப் பழகிய ஊர். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு அறப்பணிச் செலவாகக் கணக்கில் ஏறாது. வரவில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட்டதாகக் காட்ட வேண்டிய நிலையில் இது உறைக்கும். ஜீப் ஓட்டுநருக்கு யூபிஐ பழக்கிவிடுங்கள். அதுவும் ஒரு வகுப்புதான். நன்கொடையில் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடைக்காது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற 10பிடி அறிக்கை மே 31-க்குள் போக வேண்டும். போகாவிட்டால் அவர்களுக்குச் சான்றிதழ் இல்லை, அடுத்த ஆண்டு உங்களுக்கு நன்கொடையும் இல்லை.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்துக்கு சிஎஸ்ஆர்-1 பதிவோடு 3 ஆண்டு வேலை அனுபவமும் வேண்டும். வெளிநாட்டுப் பணத்துக்கு அமைப்புக்கு 3 வயது ஆகியிருக்க வேண்டும், அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாய் நோக்கத்துக்காகச் செலவாகியிருக்க வேண்டும். டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் தனிக் கணக்கு, நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள். ஆகவே முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தனிநபர் நன்கொடைதான் கதி என்று வைத்தே பட்ஜெட் போடுங்கள். 2017-இல் தொடங்கிய மத்திய அரசின் 20 மணி நேரக் கிராமப்புற டிஜிட்டல் கல்வித் திட்டம் 2024 மார்ச்சோடு முடிந்துவிட்டது. அதை நம்பி எழுதிய பழைய திட்ட அறிக்கைகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன, நகலெடுக்காதீர்கள்.

‘எங்கள் ஆப்பும் நாங்கள் சொல்கிற பத்துத் தளங்களும் மட்டும் இலவசம், போனும் தருகிறோம்’ என்று ஒரு புரவலர் வரக்கூடும். எந்தத் தளம் என்று பார்த்து வேறு வேறு கட்டணம் வைக்கக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8-இல் ஒழுங்குமுறை கொண்டுவந்தது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவில் அதோடு நின்றது. அந்த விதி தொலைத்தொடர்பு நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும். ஆனால் திறந்த இணையம் என்று பெயர்ப்பலகை மாட்டிய அமைப்பு, பூட்டிய போனை விநியோகிப்பது அசிங்கம். போன் வேண்டாம், அந்தப் பணத்துக்கு டேட்டா ரீசார்ஜ் தாருங்கள் என்று கேளுங்கள். பாதிப் பேர் சம்மதிப்பார்கள்.

வகுப்புக்கு வருவோம். 12 பேர், இரண்டு பயிற்சியாளர்கள், ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் ஆள் கூடினால் பின்வரிசை வேடிக்கைதான் பார்க்கும். கொழுந்து எடுத்து, எடைபோட்டு வீடு திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிடும். கூடலூரில் யானை, குன்னூரில் காட்டெருமை, கோத்தகிரியில் கரடி. மாலை வகுப்பு வேண்டாம். ஞாயிறு முற்பகல்தான் நடக்கும். எஸ்டேட் லைனுக்குள் போக மேலாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி, புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் குடியிருப்புக்கு வனத்துறை அனுமதி. படுகர் ஊர்களில் ஹெத்தையம்மன் பண்டிகை நெருங்கும்போது யாரும் வரமாட்டார்கள். பணியர் பழங்குடிக் குடியிருப்பில் அவர்கள் மொழி பேசும் பெண் ஒருத்தி பயிற்சியாளராக இல்லாவிட்டால் தலையாட்டல்தான் கிடைக்கும், கேள்வி வராது.

முதல் பாடம் பிரவுசர் அல்ல, போனில் இடம் காலி செய்வது. குட்மார்னிங் படங்களால் நிரம்பிய போனில் எந்த ஆப்பும் இறங்காது. அடுத்து ரேகை: ஆண்டுக்கணக்காகக் கொழுந்து பறித்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும், கறையும் பிடித்திருக்கும், சென்சார் படிக்காது. அதனால் ‘பின்’ என்கிற ரகசிய எண்ணைக் கட்டாயம் பழக்குங்கள். ஆதார் ரேகையைப் பூட்டிவைக்கும் வசதியையும் காட்டுங்கள், ரேகையை நகலெடுத்துப் பணம் எடுக்கும் மோசடிக்கு அதுதான் தாழ்ப்பாள்.

யூபிஐ பாடத்தை வாயால் சொல்லிப் பயனில்லை. இரண்டு போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றிலிருந்து மற்றதற்கு 1 ரூபாய் அனுப்புங்கள். அனுப்புகிற போன் பின் எண் கேட்கும். வாங்குகிற போன் எதையுமே கேட்காமல் ‘டிங்’ என்று சத்தம் மட்டும் போடும். ‘பார்த்தீங்களாக்கா, வாங்குறதுக்கு பின் நம்பர் கேக்கவே இல்ல.’ ஒவ்வொருவரும் தன் விரலாலேயே ஒருமுறை அனுப்பி, ஒருமுறை வாங்க வேண்டும். பயிற்சியாளர் போனைக் கையில் வாங்கித் தானே அழுத்திக் கொடுத்தால் அந்த வகுப்பு நடந்ததாகக் கணக்கில் எழுத வேண்டாம் என்பது எங்கள் விதி. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. மறுநாள் ஆளைத் தேடிக்கொண்டு வந்தால் பணம் கைமாறியிருக்கும். தன் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்ப்பதையும் இதோடு சேர்த்துவிடலாம்.

வருகைப் பதிவேட்டில் ஆதார் எண் கேட்காதீர்கள். புரவலர் கேட்டாலும் தரத் தேவையில்லை, பெயரும் ஊரும் போதும். வெளியூரிலிருந்து பார்வையிட வருபவர்களுக்கு இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். 2024 மே முதல் வெளிமாவட்ட வண்டிகளுக்கு அது கட்டாயம். தண்ணீரைக் கேனில் கொண்டுபோங்கள். வகுப்புக்கு பிளாஸ்டிக் பாட்டில் வாங்கி வைத்து அபராதம் கட்டினால் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஆடிட்டர் கேட்பார்.

இணைப்பு கொடுக்கும் வேலையை முதல் ஆண்டில் தொடாமலிருப்பது நல்லது. உரிமம் இல்லாமல் இணையம் விற்கக்கூடாது. வீட்டு பிராட்பேண்டைப் பகிர்ந்து கொடுப்பது பல நிறுவனங்களின் நிபந்தனைக்கு விரோதம். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி திட்டத்தில் ஊர் மளிகைக் கடையே பொது வைஃபை நிலையமாகலாம். கடைக்கு உரிமமோ பதிவோ தேவையில்லை, பதிவு பெற்ற ஒருங்கிணைப்பு நிறுவனத்தோடு சேர்ந்தால் போதும்.

எதிர்மலைக்கு இணைப்பைக் கடத்த 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. 2018 அக்டோபர் அறிவிக்கையால் அந்த அலைவரிசையில் 5150 முதல் 5350 வரையும், 5470 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரையும் வெளிப்புறத்திலும் உரிமமின்றிப் பயன்படுத்தலாம். கருவிக்கு இடிஏ (கருவி வகை ஒப்புதல்) சான்று இருக்க வேண்டும். ஆள் கண்ணுக்கு எதிர்க் கம்பம் தெரிந்தால் மட்டும் போதாது. 5 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவழியில் அலை சுமார் 8 மீட்டர் ஆரத்துக்கு விரிகிறது. அதில் 60 சதவீதம், அதாவது ஏறக்குறைய 5 மீட்டர், எல்லாப் பக்கமும் வெறுமையாக இருக்க வேண்டும். பனிமூட்டம் வந்தால் சிக்னல் போகிறது என்று ஊரில் சொல்வார்கள். இந்த அலைவரிசைக்கு மூடுபனி பொருட்டே இல்லை. நடுவில் நிற்கும் சில்வர் ஓக்கின் நனைந்த இலைதான் குடிக்கிறது. கோடையில் அளந்து கம்பம் நட்டால் ஆடி மழையில் கூடலூரிலும், ஐப்பசி மழையில் கோத்தகிரியிலும் தெரிந்துவிடும். மரத்தை வெட்டச் சொல்ல முடியாது, அதில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். ஆகவே ஈரம் உள்ள நாளில் அளந்து, மரம் வளர இடம்விட்டு உயரம் வையுங்கள்.

கம்பம் காப்புக்காட்டு எல்லைக்கு வெளியே இருக்கட்டும். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் துளைக்குக் கீழே ஒரு கை அளவு தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். இல்லையென்றால் மழைநீர் கேபிளோடு வழிந்து அடாப்டருக்குள் இறங்கும். இரண்டு முனையிலும் இடிதாங்கிப் பெட்டி, சரியான எர்த். குரங்குக்கு எட்டும் உயரம் முழுக்க இரும்புக் குழாய்க்குள் கேபிள்.

எல்லா போர்ட்டலும் அமைப்பைத் தொடங்கியவரின் சொந்த மொபைல் எண்ணுக்குத்தான் ஓடிபி அனுப்பும். அவர் வேலையை விட்டாலோ அந்த சிம் காலாவதியானாலோ வருமான வரித் தளம், தொண்டு அமைப்புகளுக்கான அரசின் தர்பண் தளம், வங்கி, இணைய முகவரிப் பதிவு எல்லாம் ஒரே நாளில் பூட்டிக்கொள்ளும். அமைப்புக்கென்று தனி சிம் வாங்கி, அந்த எண்ணையும் அமைப்பின் மின்னஞ்சலையும் முதல் நாளே எல்லா இடத்திலும் கொடுங்கள். சிம் உள்ள பழைய பட்டன் போன் அலுவலக அலமாரியில் இருக்கட்டும். ரீசார்ஜ் தேதியை இரண்டு அறங்காவலர்களின் காலண்டரில் குறித்துவிடுங்கள்.